டோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

வடக்கேயிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதையில், காசிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே டோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவர் குடும்பங்கள் பல, பெயர்ப் பலகையையும் பாராமல் அதைக் கடந்து போவதுண்டு. நெல்லைச் சீமையிலிருந்து புறப்பட்ட தமிழர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் தொண்டு புரிந்து, அம்மண்ணிலேயே அடங்கிய ஊர் அது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குரு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற அசரியா, தேர்வு வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறவில்லை. பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இளமையில் கை நழுவிய பட்டத்தை அவர் தேடிப் போனதே இல்லை.

1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அது அவர் உள்ளத்தைத் தைத்தது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1905இல் செராம்பூரில் கே. டி. பால் முதலியோருடன் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தையும் நிறுவினார். இந்தியர் கையும் இந்தியர் பணமும் கொண்டே பணி நடைபெற வேண்டும் என்பது இவ்விரண்டின் நோக்கம்.

பிறரை அனுப்பியவர் தாம் மட்டும் வீட்டிலிருப்பது எங்ஙனம்? இக்கேள்வி அவரை உறுத்தியது போலும். 1909இல், நாடறிந்த பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கல்லுக்குக் குடும்பத்துடன் பெயர்ந்தார். மொழி புதிது, மக்கள் புதியர். முப்பத்தைந்து வயதில் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்கலானார்.

அடுத்த ஆண்டு எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே பேச அழைக்கப்பட்ட இந்தியர் சிலருள் அசரியாவும் ஒருவர். மேல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தை அவர் நன்றியுடன் போற்றினார். பின்னர், எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். எவ்வளவோ கொடுத்தீர்கள், ஆனால் எங்களைச் சமமாக அமர்த்தி நட்புக் கொள்ளவில்லை என்பது அதன் சாரம். உடன் உழைக்கும் இந்தியரைச் சம்பள ஆளாக நடத்துவதையும், ஆண்டுகள் பல பழகியும் ஒரு வேளை உணவுக்கு அழையாதிருப்பதையும் எடுத்துக் காட்டினார். அவையில் பலர் முகம் சுளித்தனர். பணிவுள்ளவர் இவ்வாறு பேசலாமா என்று கேட்பாரும் இருப்பர். அடங்கிக் கிடப்பதைப் பணிவென்று எண்ணுவோர்க்கே அவ்வையம் எழும் என்பது என் கருத்து. கொடுக்கிறவனுக்குத் தாழ்மை இல்லையேல் பெறுகிறவன் கூனிப் போகிறான். அதைத்தான் அவர் சுட்டினார்.

சொன்ன சொல் அவர் மீதே திரும்பும் காலமும் வந்தது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி ஏற்ற முதல் இந்தியர் அவரே. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் உறுதியாகத் துணை நின்றார். எதிர்த்தோர் ஐரோப்பியரிடையேயும் இருந்தனர், நம்மவரிடையேயும் இருந்தனர். இப்போது உயரத்தில் இருப்பவர் அசரியா. எதிரே நின்றவரோ, தீண்டாமைக் கொடுமையால் நசுங்கிய மாலரும் மாதிகரும். கல்வியும் பதவியும் பெற்ற அயல்மொழிக்காரர் அவர்களிடம் எஜமானராவது எளிது.

அவர் மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சேரிகளைத் தேடிச் சென்றார். ஏழைகளுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், அவர்களையும் கொடுக்கச் சொன்னார். இது கடுமையாகத் தோன்றலாம். வாங்கியே பழகியவன் கொடுக்கத் தொடங்கும் நாளில்தான் தலை நிமிர்கிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றவரும் பிறருக்குச் சொல்லும் கடமை உடையவர் என்று கற்பித்தார். கிராமத்து இளைஞரை ஆசிரியராகவும் குருவாகவும் பயிற்றுவித்தார். அவர்தம் மனைவியர்க்குக் கல்வி புகட்டும் பணியில் அன்பு மரியம்மாள் ஈடுபட்டார். ஊர் ஊராகச் செல்கையிலும் அம்மையார் உடன் சென்றதுண்டு. அவர் பங்கை நம் நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவது வருந்தத்தக்கது.

மறைமாவட்டம் விரிந்தது. ஐரோப்பியரும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றினர். 1940 வாக்கில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் அடங்கினர். மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் இருந்த கருத்து வேற்றுமையை மறைப்பதற்கில்லை. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை.

1939 ஜனவரி 6ஆம் நாள் டோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மேல்நாட்டுக் கூர்ங்கோபுரத்தை அவர் விரும்பவில்லை. தென்னாட்டுக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும், இஸ்லாமியக் கட்டடங்களுக்குரிய குவிமாடங்களும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் கூடியோருள் அவர் முன்னின்றவர். அதற்காக இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவாயிற்று. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே, 1945 ஜனவரி முதல் நாள், டோர்ணக்கல்லில் அசரியா கண் மூடினார். அவரை அடக்கம் செய்ததும் அவ்வூரில்தான்.