உடுமலை நாராயண கவி

திருமணப் பந்தலிலும் தேர்த்திருவிழாவிலும் ஒலிக்கும் பாட்டை இயற்றியவர் யார் என்று வினவுவோர் அரியர். பாடியவர் குரல் செவியில் நிற்கும். நடித்தவர் முகம் கண்ணில் நிற்கும். எழுதியவர் பெயர் மட்டும் மறைந்துவிடும். இவ்வாறு தம் பெயர் பின்னே நிற்கத் தம் பாட்டு முன்னே செல்லக் கண்டவர் உடுமலை நாராயண கவி.

உடுமலைப்பேட்டையை அடுத்துப் பூளவாடி என்னும் சிற்றூர் உள்ளது. அந்நாளில் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இப்போது திருப்பூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. அங்கே 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நாராயணசாமி. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். தொடக்கக் கல்வியோடு பள்ளிப் படிப்பு நின்றது. வயிற்றுப் பிழைப்புக்காகத் தீப்பெட்டிகளைச் சுமந்து அக்கம்பக்கத்து ஊர்களில் விற்றுவந்தார். எனினும் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கற்பதற்குப் பள்ளி ஒன்றுதானா உண்டு? திருவிழா நாட்களில் கும்மியும் ஒயிலாட்டமும் உடுக்கடிப் பாட்டும் இரவெல்லாம் நிகழும். எழுத்தறியாத உழவரும் நூறு நூறு அடிகளை நினைவிலிருந்தே பாடுவர். அப்பாட்டுகளே சிறுவனுக்குப் பாடநூல்கள் ஆயின.

ஊர் நாடகத்தில் அவர் நடித்ததைக் கண்ட நாடக ஆசிரியர் முத்துசாமிக் கவிராயர் அவரைத் தம் மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். பின்னர்த் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகளிடமும் அவர் பயின்றார். அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் துண்டை விரித்து அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். விழுந்தவுடன் பொருள் விளங்கவேண்டும். மக்கள் முன்னரே அறிந்த மெட்டில் புதிய கருத்தை ஏற்றிப் பாடுவது நாடகப் புலவர்களின் வழக்கம். பிறர் மெட்டை எடுத்தாள்வது எளிது என்று சிலர் எண்ணலாம். பழைய பாட்டை மறக்கச் செய்யும் அளவுக்குப் புதியதைப் பாடுவது எளிதன்று.

விடுதலைப் போராட்டக் காலத்தில் அவர் தேசியப் பாட்டுகளை எழுதினார். கதர்க் கடையும் வைத்தார். பாட்டு வளர்ந்தது, கடை நொடித்தது. கடனை அடைக்காமல் ஊருக்குள் அடியெடுத்து வைப்பதில்லை என்று உறுதிகொண்டு அவர் வெளியேறினார். நாடகங்களுக்குப் பாட்டெழுதி ஈட்டிய பொருளால் கடனைத் தீர்த்தபின்னரே திரும்பினார்.

தமிழ்ப் பேசும்படம் தோன்றியபின் அவர் திரைக்குப் பாட்டெழுதத் தொடங்கினார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவரை ஆசிரியராகவே மதித்தார். இருவர் நட்பில் விளைந்ததே 'கிந்தனார்' கதாகாலட்சேபம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் தமிழகமெங்கும் பரவியிருந்தன. நந்தன் தில்லையைக் காண ஏங்கினான். கிந்தனோ நகருக்குச் சென்று கல்வி கற்க ஏங்குகிறான். அவனும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்துச் சிறுவனே. அவனை நகருக்குக் கொண்டுசெல்வது புகைவண்டி. உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பாராமல் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கவிராயர் மனமாரப் புகழ்ந்தார். நந்தன் தீயில் மூழ்கியே கோயிலுள் புகுந்தான்; கிந்தன் கற்று உயர்ந்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கே வருகிறான். கேட்டவர் முதலில் சிரித்தனர். வீடு திரும்பும் வழியிலோ சிந்தித்தனர். மேடையில் புகழ்பெற்ற இக்கதை, 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்திலும் இடம்பெற்றது.

கிருஷ்ணனும் மதுரமும் பாடிய மற்றொரு பாட்டில், பொத்தானை அழுத்தினால் சிற்றுண்டி தட்டில் வந்து சேரும் காலத்தைக் கவிராயர் கற்பனை செய்தார். மண் அடுப்பில் விறகு எரித்துச் சமைத்த மக்கள் அதனை வேடிக்கையாகக் கேட்டு மகிழ்ந்தனர்.

'வேலைக்காரி', 'மணமகள்', 'தேவதாஸ்' முதலிய பல படங்களில் அவர் பாட்டுகள் உண்டு. 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'பராசக்தி'யில் இரண்டு பாட்டுகள் சிறப்பானவை. ஒன்று பணத்தின் வலிமையை எள்ளி நகைப்பது. மற்றொன்று, கிடைத்த உணவைத் தன் இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் காக்கையை மனிதனுக்கு எடுத்துக்காட்டுவது. கற்றோர் திருக்குறளில் கண்ட காக்கையைக் கல்லாதாரும் முணுமுணுக்கும் மெட்டில் அமர்த்தினார். பகுத்தறிவுக் கவிராயர் என்று மக்கள் அவரை அழைத்தனர்.

சென்னையில் புகழொடு விளங்கியபோதும் தம் பெயருக்கு முன்னால் உடுமலையை அவர் விடவில்லை. 'கலைமாமணி' விருது பெற்ற அவர், 1981ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் மறைந்தார். 2008ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. தீப்பெட்டி சுமந்து திரிந்த சிறுவனுக்கு, உடுமலைப்பேட்டையில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது.