தோட்டப் பிள்ளைகளை எண்ணிய துன் சம்பந்தன்

பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி.சம்பந்தன், 1919-இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட முதலாளியின் மகனாகப் பிறந்தார். கோலகங்சார் கிளிபர்ட் ஆங்கிலப் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

அன்றைய ஆங்கிலேயர் ஆட்சியில் இனத்துக்கொரு பள்ளி. கிள்ளான் வட்டாரத்திலும் மற்றத் தோட்டங்களிலும் பாட்டாளிகளின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியே எல்லை. பிற இனப் பிள்ளைகளோடு பழகாமலும் மேற்படிப்புக்கு வழியில்லாமலும் பலர் பால்மரக் காட்டுக்கே திரும்பினர். தமிழ் கற்றது குறையல்ல. அதற்குமேல் கதவு அடைக்கப்பட்டதே கொடுமை.

சம்பந்தன் 1954-இல் சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையைத் தொடங்கினார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வுக்குத் தலைமை ஏற்றார். தோட்டம் துண்டாடப்பட்டால் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் சேர்ந்தே போகும். அதைத் தடுக்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகளின் மாதம் 10 வெள்ளி தோட்டங்களை வாங்கியது. 1979-இல் அவர் மறைந்தார்.