ஆபிரகாம் பராக் சேலம்

ஆபிரகாம் பராக் சேலம் (1882 - 1967) கொச்சியைச் சேர்ந்த யூத வழக்கறிஞரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். தமது சபையினுள் நிலவிய பாகுபாட்டை அறவழியில் எதிர்த்தமையால் இவர் யூத காந்தி எனப்படுகிறார்.

வாழ்க்கை

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்ற இவர், சென்னையில் இளங்கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1925 - 1931, 1939 - 1945 ஆகிய காலப்பகுதிகளில் கொச்சி சமஸ்தானச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

தொழுகைக் கூடப் போராட்டம்

மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி தொழுகைக் கூடம் 1568 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இச்சபையில் மெசுக்ராரிம் எனப்பட்ட, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குச் சம உரிமை இருக்கவில்லை. ஏனையோருடன் இருக்கைகளில் அமர இயலாது. சபையின் இடுகாட்டில் அடக்கம் செய்யவும் இடமில்லை. சேலம் இப்பிரிவைச் சேர்ந்தவர். இப்பிரிவின் முதல் பட்டதாரியும் இவரே.

முதலில் இவர் அக்கூடத்துக்குச் செல்வதைத் தவிர்த்தார். விலகி நிற்பதால் பயன் விளையாததால், உள்ளே சென்று சத்தியாகிரகம் மேற்கொண்டார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் (1924 - 1925) நடைபெற்றதும் இக்காலத்தை ஒட்டியே ஆகும். 1930களின் நடுப்பகுதிக்குள் தடைகளில் பெரும்பாலானவை தளர்ந்தன. எனினும் திருமணத் தடை நீடித்தது. 1950 இல் இவருடைய மகன் பரதேசி யூதப் பெண் ஒருவரை மணந்தபோது அதுவும் மீறப்பட்டது.

பிற்காலம்

இந்திய விடுதலைக்குப் பின் கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேற இவர் உதவினார். ஆயினும் தாம் இறுதிவரை கொச்சியிலேயே வாழ்ந்து 1967 இல் மறைந்தார். தொழுகைக் கூடம் அமைந்துள்ள தெருவுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.