ராகிக் கொல்லையில் நின்ற டாக்டர்

கையிலே நோட்டுப் புத்தகம். பக்கத்திலே ஒரு மொழிபெயர்ப்பாளர். எதிரே கோவணம் கட்டிய ஒரு குடியானவர்.

என்ன விதைக்கிறாய்? எந்த மாதத்தில்? எத்தனை உழவு? மழை பொய்த்தால் என்ன செய்வாய்?

இப்படிக் கேட்டுக்கொண்டே ஓராண்டுக்கு மேல் ஊர் ஊராகப் போனார் ஒரு வெள்ளைக்காரர். அவர்தான் டாக்டர் பிரான்சிஸ் புக்கானன்.

ஸ்காட்லாந்தில் 1762-ல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1794-ல் கும்பினியின் வைத்தியராக வங்காளம் வந்தார். பர்மாவுக்கும் ஒரு தடவை போய்வந்தார். நோயாளியைவிடச் செடி கொடிகளைப் பார்ப்பதிலேயே அவருக்கு ஆசை அதிகம்!

போர் முடிந்த பூமி

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் மாண்டார். புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன வரி வரும் என்று கும்பினிக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி புக்கானனை அனுப்பினார். குடியானவர் மேல் கொண்ட கருணை அல்ல அது!

1800 ஏப்ரல் 23-ந் தேதி சென்னையை விட்டுக் கிளம்பினார். வேலூர் வழியாக மலையேறி, பெங்களூர் போனார்.

அவர் கண்டது செழித்த நாடு அல்ல. ஓசூர்க் கோட்டை 1791-லேயே படையிடம் விழுந்திருந்தது. 1799-ல் சென்னைப் பட்டாளம் ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குப் போயிற்று. மேட்டுச் சீமை முழுவதும் போரின் வடு. பல ஊர்களில் ஜனங்கள் செத்தும் ஓடியும் போயிருந்தார்கள். உடைந்த ஏரிகளைக் கட்ட ஆள் இல்லை. எல்லாவற்றையும் புக்கானன் எழுதினார்.

மூங்கில் குழாய்

அவர் கண்ட அதிசயங்களில் ஒன்று விதைக்கிற கருவி. ஒரு மரக்கட்டையில் மூங்கில் குழாய்கள் வரிசையாக இறங்கும். மேலே ஒரு கிண்ணம். அதில் ராகியைக் கையால் விட, விதை குழாய்களில் பிரிந்து வரிசையாக மண்ணில் விழும். பின்னாலேயே தனியாக ஒரு குழாய். அதில் அவரை விதை. ராகிக்கு நடுவே அவரைக்கு ஒரு சால்.

ஏன் இரண்டும் சேர்ந்து? மழை ராகியைக் கைவிட்டாலும் அவரை தாக்குப் பிடிக்கும். ராகி அறுத்தபின் பனியிலேயே படர்ந்து காய்க்கும். மண்ணுக்கும் சத்து. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. தகப்பன் மகனுக்குச் சொன்னதுதான்.

அறுத்த ராகியைக் குழியில் போட்டு மூடிப் பல ஆண்டு கெடாமல் வைக்கும் வழக்கத்தையும் குறித்தார். கிணற்று ஏற்றம், கவலை, உலைக்களத்தில் இரும்பு உருக்கும் விதம், சாயம் போடும் விதம் எதையும் விடவில்லை. காடுகளில் கிழங்கு தோண்டிப் பிழைத்த இருளர்களின் வாழ்க்கையையும் எழுதினார்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். நம் உழவை அவர் பெரிதாக மெச்சவில்லை. கலப்பை மட்டம், மாடு மட்டம் என்று குறை சொன்ன இடங்கள் உண்டு. ஆனாலும், கேட்டதைக் கேட்டபடி எழுதிய கை அது!

1801-ல் மைசூரிலிருந்து பாராமகால் சீமையைக் கடந்து, ஜூலையில் சென்னை திரும்பினார்.

பறிபோன படங்கள்

அவருடைய பயணக் குறிப்பு 1807-ல் லண்டனில் மூன்று பெரிய புத்தகங்களாக வந்தது. அவரோ அப்போது இந்தியாவில் இருந்தார். சுருக்கித் திருத்த வழி இல்லை. நாள்வாரியாக எழுதியது அப்படியே அச்சேறிவிட்டது. படிப்பதற்குச் சிரமம்தான். ஆனால் எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன கண்டார் என்பது தப்பிப் பிழைத்ததும் அதனால்தான்.

பிறகு வங்காளத்தில் ஏழு ஆண்டு இதே வேலை. கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கும் தலைவரானார். 1815-ல் ஊர் திரும்பும்போது, தம் மேற்பார்வையில் வரைந்த செடிப் படங்களைக் கொண்டுபோக விரும்பினார். அவை கும்பினியின் சொத்து என்று அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது! அந்தத் துயரம் அவருக்கு ஆறவே இல்லை.

1829-ல் ஸ்காட்லாந்தில் காலமானார்.

ஓசூரில் இன்று தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் ராகியும் அவரையும் இன்றைக்கும் சேர்ந்தே முளைக்கின்றன.