வாயில்லா ஜீவன்களுக்காக வாய் திறந்தவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்படியானால் வாயில்லாத பிராணி என்ன செய்யும்? அதற்காக வேறு யாராவது வாய் திறந்து பேசத்தான் வேண்டும். நம் நாட்டின் பாராளுமன்றத்தில் அவ்வாறு பேசி, ஒரு சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் திருமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

பரதநாட்டியம் பயிலும் தோழியருக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி ஒரு பொறியாளர். 1920-இல் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை ருக்மிணி தேவி மணந்தபோது உற்றாரும் ஊராரும் எதிர்த்தனர். அவர் அஞ்சவில்லை. குடும்பப் பெண்கள் மேடையேறி ஆடுவது இழிவாக எண்ணப்பட்ட காலத்தில், 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டிலேயே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஊர் ஏசினாலும் தமக்குச் சரி என்று பட்டதைச் செய்யும் உறுதி அவரிடம் இளமையிலேயே இருந்தது.

1952-இல் அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அவர் பெரும் கலைஞர் என்பதால் கிடைத்த பதவி அது. கலைக்காக மட்டும் பேசிவிட்டு அமர்ந்திருக்கலாம். அவரோ அந்த இடத்தை வாயில்லா ஜீவன்களுக்காகவும் பயன்படுத்தினார்.

அந்நாளில் பிராணிகளைக் காக்க நம் நாட்டில் இருந்தது 1890-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றிய சட்டம். அதன் பயன் பெரும்பாலும் நகர எல்லைக்குள் அடங்கிவிட்டது. வண்டி மாடுகளும் ஏர் மாடுகளும் நிறைந்த கிராமங்களுக்கு அது எட்டவில்லை. தண்டனையும் மிகக் குறைவு. இக்குறையை நீக்க ருக்மிணி தேவி தாமே ஒரு மசோதாவை 1953-இல் கொண்டு வந்தார். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டு வரும் மசோதா சட்டமாவது மிக அரிது. இருந்தும் அவர் தயங்கவில்லை.

1954 மார்ச்சில் அம்மசோதா விவாதத்திற்கு வந்தது. அவருடைய பேச்சைக் கேட்ட பிரதமர் நேரு, அதன் நோக்கத்தை ஏற்று, அரசே இது குறித்து ஆராய்ந்து மசோதா கொண்டு வரும் என்று உறுதி கூறினார். அந்த வாக்கை நம்பி ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுப்பது போன்ற செயல் அது! பெயர் தமக்கு வர வேண்டும் என்று எண்ணியிருந்தால் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். பிறகு அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆண்டுகள் சென்றன. 1960-இல்தான் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

பிராணியை அடித்துத் துன்புறுத்துவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, புண்பட்டதை வேலை வாங்குவது, உடல் அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பது, வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் தராமல் இருப்பது ஆகியவை இச்சட்டப்படி குற்றங்கள். அவர் விரும்பியவை எல்லாம் அதில் இடம்பெறவில்லை. ஆராய்ச்சிக்காகப் பிராணிகளைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடை செய்யவில்லை; கட்டுப்படுத்த மட்டுமே வழி செய்தது. முழுதும் கிடைக்கவில்லையே என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. சட்டத்தின்படி 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்று உழைத்தார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது, அதை மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-இல் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தாலும் பணி முடியவில்லை. மேலே சொன்ன குற்றங்களை முதல் முறை செய்தவருக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் 50 ரூபாய் வரைதான். அன்று அது பெரிய தொகை. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அத்தொகை மாறவில்லை. 2022-இல் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த வரைவு ஒன்றை அரசு மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. சட்டம் என்பது ஒரு முறை எழுதி மூடி வைக்கும் ஏடு அன்று. காலத்திற்கேற்ப அதைத் திருத்தக் கேட்பவர்கள் வேண்டும்.

சென்ற விடுமுறையில் ஒருவர் கோழிகளின் கால்களைக் கட்டி, சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியே சென்றார். அவை அலகைத் திறந்து மூச்சு வாங்கின. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நான் வீட்டிற்குள் போய்விட்டேன். துன்பம் தரும் வகையில் பிராணிகளைக் கொண்டு செல்வதும் குற்றமே என்பதை இவர் வரலாற்றைப் படித்த பின்பே அறிந்தேன். அந்த மனிதரிடம் ஒரு கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள், அண்ணா என்று பணிவாகச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பாராளுமன்றப் பதவி தேவையில்லை.

அன்புத் தோழியரே, நமக்கு இறைவன் வாய் கொடுத்திருக்கிறார். அது இல்லாத உயிர்களுக்காகவும் அதைச் சிறிது திறப்போமாக!