கரோலின் நோர்ட்டன்

கரோலின் நோர்ட்டன் (மார்ச் 22, 1808 - ஜூன் 15, 1877) ஒரு ஆங்கிலேயக் கவிஞரும், புதின எழுத்தாளரும், சட்டச் சீர்திருத்தத்துக்காக எழுதியவரும் ஆவார். கணவரைப் பிரிந்து வாழ்ந்த பெண்ணுக்குத் தன் குழந்தைகள் மீதும் தன் சம்பாத்தியத்தின் மீதும் எவ்வித உரிமையும் இல்லாதிருந்த காலத்தில், அந்நிலையைத் தன் சொந்த வாழ்வில் அனுபவித்து அதற்கு எதிராக எழுதினார். இங்கிலாந்தின் 1839 குழந்தைகள் காப்புரிமைச் சட்டம், 1857 மணவாழ்வு வழக்குகள் சட்டம் ஆகிய இரண்டும் உருவானதில் இவரது எழுத்துகளுக்குப் பங்கு உண்டு.

இளமை

கரோலின் எலிசபெத் சாரா செரிடன் இலண்டனில் பிறந்தார். புகழ்பெற்ற நாடக ஆசிரியரும் விக் கட்சி அரசியல்வாதியுமான ரிச்சர்டு பிரின்சுலி செரிடன் இவரது பாட்டனார். தந்தை தாமசு செரிடன் 1817இல் நன்னம்பிக்கை முனையில் பணியில் இருந்தபோது காலமானார். அதன்பின் குடும்பம் வறுமைக்குள்ளானது. அரச குடும்பத்தின் தயவால் ஆம்ப்டன் கோர்ட் அரண்மனையில் குடியிருக்க இடம் கிடைத்தது. அழகுக்கும் பேச்சுத்திறனுக்கும் பெயர்பெற்ற மூன்று சகோதரிகளுள் இவர் ஒருவர். மூத்தவரான எலனின் மகனே பின்னாளில் (1884-1888) இந்தியாவின் வைசிராயாக இருந்த டஃபரின் பிரபு.

மணவாழ்வும் 1836 வழக்கும்

வரதட்சணை கொடுக்க வசதியில்லாத குடும்பத்தில் பிறந்ததால், 1827இல் தமது 19ஆம் வயதில், கிராண்ட்லி பிரபுவின் தம்பியும் வழக்கறிஞருமான ஜார்ஜ் நோர்ட்டனை மணந்தார். ஜார்ஜ் அப்போது கில்ஃபர்டு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தொடக்கம் முதலே இம்மணம் கசந்தது. ஜார்ஜ் மனைவியைப் பலமுறை அடித்தார். அரசியலிலும் இருவரும் எதிரெதிர் அணியினர். பிளெச்சர், பிரின்சுலி, வில்லியம் என மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தனர். குடும்பச் செலவுக்குக் கரோலினின் எழுத்து வருமானமே பெரிதும் கைகொடுத்தது. ஆனால் அன்றைய சட்டப்படி மணமான பெண் ஈட்டும் பணம் கணவருக்கே உரியது. திருமணத்துடன் மனைவியின் சட்ட ஆளுமை கணவருடையதில் கரைந்துவிடுகிறது என்பதே ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் கொள்கை. அவளால் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடரவோ முடியாது.

உள்துறை அமைச்சராக இருந்த மெல்பர்ன் பிரபுவின் நட்பு கரோலினுக்குக் கிடைத்தது. அவரது செல்வாக்கினால் 1831இல் ஜார்ஜுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஊதியத்தில் இலண்டன் காவல் நீதிமன்ற நடுவர் பதவி வாய்த்தது. 1836 வசந்த காலத்தில் கணவன் மனைவிக்கிடையே பெரும் பூசல் மூண்டது. கரோலின் தம் சகோதரியின் வீட்டிற்குச் சென்றிருந்த நேரத்தில் ஜார்ஜ் மூன்று குழந்தைகளையும் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். தாய் திரும்பியபோது வீட்டில் அவருக்கு இடமில்லை.

அதே ஆண்டு ஜார்ஜ், தம் மனைவியுடன் தகாத உறவு கொண்டதாக மெல்பர்ன் மீது வழக்குத் தொடுத்து 10,000 பவுண்டு இழப்பீடு கோரினார். மெல்பர்ன் அப்போது பிரதமர். ஜூன் 22, 1836 அன்று ஒரே நாளில், இரவு வெகுநேரம் வரை விசாரணை நடைபெற்றது. இவ்வகை வழக்கில் கணவரும் மற்ற ஆடவருமே கட்சிக்காரர்கள். மனைவி கட்சிக்காரர் அல்லர். ஆகவே யாருடைய நடத்தை பற்றி நாள் முழுவதும் பேசப்பட்டதோ அவருக்குச் சாட்சியம் அளிக்கவோ, வழக்கறிஞர் அமர்த்தவோ வழி இருக்கவில்லை. ஜூரிகள் தம் இருக்கையை விட்டு எழாமலேயே மெல்பர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். இவ்விசாரணையைச் செய்தித்தாளுக்காகப் பதிவு செய்தவர்களுள் இளம் சார்லசு டிக்கின்சும் ஒருவர்.

வழக்கு தோற்றதால் கரோலினின் துன்பம் தீரவில்லை, புதிய சிக்கலே எழுந்தது. மனைவியின் பிறழ்வு மெய்ப்பிக்கப்படாததால் ஜார்ஜ் மணமுறிவு பெற இயலாது. கொடுமையைக் காரணம் காட்டிக் கரோலின் பிரிவு கோரவும் இயலாது. ஏனெனில் முன்பு ஒருமுறை வீட்டைவிட்டுச் சென்று மீண்டும் வந்ததால், கணவரின் பழைய குற்றங்களை அவர் மன்னித்துவிட்டதாகச் சட்டம் கருதியது. மறுமணம் செய்ய இடமளிக்கும் முழு மணமுறிவுக்கு அக்காலத்தில் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1857க்கு முன் அவ்வாறு பெண்கள் பெற்றவை நான்கு மட்டுமே.

குழந்தைகள் காப்புரிமைச் சட்டம், 1839

கணவன் மனைவி பிரிந்தால் குழந்தைகள் தந்தைக்கே என்பது அன்றைய விதி. தாய்ப்பால் குடிக்கும் சிசுவானாலும், தந்தை கொடியவரானாலும் இதில் வேறுபாடு இல்லை. தாய் குழந்தையைப் பார்ப்பதும் தந்தையின் விருப்பத்தைப் பொறுத்ததே. ஜார்ஜ் குழந்தைகளை இசுக்காட்லாந்தில் தம் சகோதரியிடம் அனுப்பி வைத்தார்.

கரோலின் நீதிமன்ற வழியை விட்டு எழுத்தைக் கையிலெடுத்தார். 1837இல் தாயின் இயற்கை உரிமை பற்றிய துண்டு நூல் ஒன்றை அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரப்பினார். தம் கதையை மட்டும் கூறாமல், நீதிமன்றங்களில் முன்பு தீர்க்கப்பட்ட வழக்குகளை அதில் எடுத்துக்காட்டினார். வழக்கறிஞரும் உறுப்பினருமான தாமசு நூன் டால்ஃபர்டு பொதுச் சபையில் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 1838இல் பிரபுக்கள் சபை அதனை நிராகரித்தது. பெண் எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்பதாலோ என்னவோ, கரோலின் தமது அடுத்த நூலை பியர்சு சிடீவன்சன் என்னும் ஆண்பெயரில் சட்டத்துறைத் தலைவரான லார்டு சான்சலருக்கு எழுதிய கடிதமாக வெளியிட்டார். 1839இல் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டப்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைகளைச் சந்திக்கவும் தாய் சான்சரி நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. பிறழ்வு நிரூபிக்கப்பட்ட பெண்ணுக்கு இவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. சான்சரி நீதிமன்றத்தின் செலவைத் தாங்கக்கூடியவர்களே இதனால் பயன்பெற முடிந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். எனினும் தந்தையின் தனியுரிமையில் ஆங்கிலச் சட்டம் முதன்முதலாகக் கைவைத்தது இங்குதான்.

சட்டத்துக்காக உழைத்தவருக்கு அது உதவவில்லை. குழந்தைகள் இருந்த இசுக்காட்லாந்தில் அச்சட்டம் செல்லுபடியாகாது. 1842 செப்டம்பரில், யார்க்சயரில் தந்தையின் பொறுப்பில் இருந்த கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயமடைந்தான். உரிய நேரத்தில் மருத்துவம் செய்யப்படாத அக்காயம் முற்றி, தாய் வந்து சேருமுன் அவன் இறந்தான். அவனுக்கு அப்போது வயது ஒன்பது. இதற்குப் பின்னரே மற்ற இரு மகன்களும் தாயுடன் தங்க ஜார்ஜ் இசைந்தார்.

பராமரிப்புத் தொகையும் 1857 சட்டமும்

1848இல் இருவரும் எழுத்து மூலம் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஜார்ஜ் கடன் திரட்டக் கரோலின் ஒத்துழைக்க வேண்டும். பதிலாக ஆண்டுக்கு 500 பவுண்டு பராமரிப்புத் தொகை கிடைக்கும். கரோலினுக்குத் தாயின் சொத்திலிருந்தும், மெல்பர்ன் குடும்பத்திடமிருந்தும் சிறு வருமானம் வருவது தெரிந்ததும், 1852இல் ஜார்ஜ் இத்தொகையை நிறுத்தினார். 1853இல் வண்டி பழுதுபார்த்த கடன் தொடர்பான வழக்கு வெசுட்மின்சுடர் கவுண்டி நீதிமன்றத்துக்கு வந்தபோது, கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒருவரே என்பதால் அவர்களுக்கிடையேயான ஒப்பந்தம் செல்லாது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. மனைவியின் வங்கிக் கணக்குகளையும் பதிப்பாளர் கணக்குகளையும் நீதிமன்றத்துக்கு வரவழைக்கக் கணவரால் முடிந்தது. அவரது நூல்களின் வருமானத்துக்கும் கணவரே சட்டப்படி உரியவர்.

இதன் விளைவாக 1854இல் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்கள் பற்றிய நூலையும், 1855இல் விக்டோரியா அரசிக்கு எழுதிய திறந்த மடலையும் கரோலின் வெளியிட்டார். 1857 மணவாழ்வு வழக்குகள் சட்டம் மணமுறிவை நாடாளுமன்றத்திலிருந்தும் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்தும் எடுத்துப் புதிய நீதிமன்றம் ஒன்றிடம் ஒப்படைத்தது. கைவிடப்பட்ட அல்லது பிரிந்து வாழும் மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும் உரிமை பெற்றாள். பராமரிப்புத் தொகையை அவள் சார்பில் ஓர் அறங்காவலர் பெறலாம். இவ்விதிகளில் கரோலினின் வழக்கு அனுபவத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. குழந்தைகள் யாரிடம் வளர்வது, அவர்களுடைய செலவு, கல்வி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அந்நீதிமன்றத்துக்கு வந்தது. ஆயினும் கணவன் மனைவியின் பிறழ்வை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ கணவனின் பிறழ்வுடன் கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் காட்டவேண்டும். இவ்வேறுபாடு இங்கிலாந்தில் 1923இல்தான் நீங்கியது.

கரோலினைப் பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னோடி என்று ஒரே சொல்லில் அடக்குவது அவ்வளவு பொருத்தமன்று. ஆணும் பெண்ணும் சமம் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை; அதை வெளிப்படையாகவே எழுதினார். அவர் கேட்டது சமத்துவம் அன்று, சட்டத்தின் பாதுகாப்பு.

படைப்புகளும் இறுதிக்காலமும்

ஆலைகளில் வேலைசெய்த குழந்தைகளைப் பற்றி 1836இல் ஒரு கவிதை நூல் எழுதினார். சிடூவர்ட் ஆஃப் டன்லீத் (1851), லாசுட் அண்ட் சேவ்டு (1863) ஆகியவை இவரது புதினங்கள். பிரபுக்கள் சபையில் டேனியல் மக்லீசு தீட்டிய நீதியின் உருவச் சுவரோவியத்துக்கு இவரே மாதிரியாக அமர்ந்தார். ஜார்ஜ் மெரிடித்தின் டயானா ஆஃப் த கிராசுவேசு (1885) புதினத்தின் தலைவி இவரைத் தழுவியவர். அதில் வரும், அரசு இரகசியத்தை நாளிதழுக்கு விற்ற கதை இவரைப் பற்றி உலவிய ஆதாரமற்ற வதந்தியாகும்.

மூத்த மகன் பிளெச்சர் 1859இல் காசநோயால் இறந்தார். கரோலின் கடைசி வரை மணமுறிவு பெறவில்லை. 1875இல் ஜார்ஜ் இறந்த பின்னரே அந்தப் பிணைப்பு அறுந்தது. மார்ச் 1877இல் நீண்டநாள் நண்பரான வில்லியம் சிடர்லிங்-மாக்சுவெல்லை மணந்து, மூன்று மாதங்களில் காலமானார்.

1857 சட்டத்தின் தாக்கம் இந்தியாவிலும் உண்டு. கிறித்தவர்களின் திருமணங்களுக்குப் பொருந்தும் 1869 இந்திய மணமுறிவுச் சட்டம் அதனை ஒட்டியே, கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான மேற்கூறிய வேறுபாட்டுடன், இயற்றப்பட்டது. அவ்வேறுபாடு இங்கு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது.