மொசார்ட்டின் அக்காள்

மேலைநாட்டுச் சங்கீதத்தில் சிறிதேனும் ஆர்வம் உள்ளவர்கள் மொசார்ட் என்ற பெயரை அறிவார்கள். ஐந்து வயதிலேயே இசை இயற்றிய அதிசயக் குழந்தை அவர். அவருக்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பதும், ஒரு காலத்தில் விளம்பரங்களில் அவள் பெயரே முதலில் அச்சிடப்பட்டது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் ஒரு தம்பி உண்டு. ஆகவே இந்த அக்காளைப் பற்றி எழுதவே என் மனம் விரும்புகிறது.

மரியா அன்னா மொசார்ட் 1751 ஜூலை 30-ஆம் நாள் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தாள். இன்று ஆஸ்திரியாவில் உள்ள அந்நகரம் அன்று ஒரு பேராயரின் ஆட்சியில் இருந்தது. தந்தை லியோபோல்ட் அப்பேராயரின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். பிறந்த ஏழு குழந்தைகளில் இருவர்தாம் பிழைத்தனர்: மரியா அன்னாவும், 1756-இல் பிறந்த உல்ஃப்காங்கும். வீட்டில் அவளை நானெர்ல் என்று செல்லமாக அழைத்தனர். மகளுக்குக் கற்பிப்பதற்காகத் தந்தை 1759-இல் ஓர் இசைப்புத்தகம் தொகுத்தார். அக்காள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, அதே புத்தகத்திலிருந்துதான் தம்பியும் கற்றான்.

இரு பிள்ளைகளின் திறமையையும் உலகுக்குக் காட்ட எண்ணிய தந்தை, 1763 ஜூன் 9-இல் குடும்பத்தோடு புறப்பட்டார். அந்தப் பயணம் மூன்றரை ஆண்டுகள் நீண்டது. அதில் அவர்கள் மிக அதிக நாள் தங்கிய நகரம் லண்டன்தான். 1764 ஏப்ரல் 23 முதல் மறு ஆண்டு ஜூலை 24 வரை, பதினைந்து மாதங்கள்!

கடலைக் கடக்கும்போது நால்வரும் வாந்தியெடுத்துத் துவண்டு போனார்கள். லண்டனில் செசில் கோர்ட் என்ற சந்தில், ஒரு முடிதிருத்துபவரின் வீட்டில் அறைகளை வாடகைக்கு எடுத்தனர். தாய்க்கும் மகளுக்கும் ஆங்கிலத் தொப்பிகளும், தந்தைக்கும் மகனுக்கும் ஆங்கில உடைகளும் வந்து சேர்ந்தன. தந்தை இவற்றையெல்லாம் ஊரிலிருந்த தம் வீட்டுக்காரருக்குக் கடிதங்களில் எழுதி அனுப்பினார். நாம் இன்று இவ்வளவு அறிவது அக்கடிதங்களால்தான்.

வந்த ஐந்தாம் நாளே அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசி சார்லட்டும் பிள்ளைகளை அழைத்துக் கேட்டு மகிழ்ந்து, 24 கினி பரிசளித்தனர். சில நாட்களுக்குப் பின் குடும்பம் செயிண்ட் ஜேம்ஸ் பூங்காவில் உலாவிக் கொண்டிருந்தபோது அரச வண்டி அவ்வழியே வந்தது. எல்லாரும் புதிய உடையில் இருந்தும் அரசர் அடையாளம் கண்டு, வண்டியின் ஜன்னலைத் திறந்து, சிறுவனைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துச் சென்றாராம்.

ஜூன் 5-இல் நடந்த கச்சேரிக்கு வந்த விளம்பரத்தில் நானெர்லுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு வயது என்று இருந்தது. உண்மையில் அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு எட்டு. வயதைக் குறைத்துச் சொன்னால் வியப்பு அதிகமாகும் அல்லவா! அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளைகளின் வயதைக் குறைக்கும் தந்தையர் இதைப் படித்தால் மகிழ்வர். அன்று சுமார் மூன்று மணி நேரத்தில் நூறு கினி வசூலாயிற்று.

ஜூலையில் துன்பம் வந்தது. ஒரு பிரபுவின் வீட்டுக் கச்சேரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. தந்தை பிள்ளைகளை ஒரு நாற்காலிப் பல்லக்கில் ஏற்றிவிட்டு, அதைத் தூக்கியவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பின்னாலேயே நடந்தார். வியர்வையில் நனைந்தவர் குளிர்ந்த காற்றுப்பட்டுக் கடுமையான நோயில் விழுந்தார். ஆகஸ்டில் குடும்பம் நகருக்கு வெளியே, அந்நாளில் வயல் சூழ்ந்த செல்சி கிராமத்துக்கு இடம் மாறியது. உணவுவிடுதியிலிருந்து வந்த சாப்பாடு நன்றாக இல்லாததால் தாயே சமைக்கத் தொடங்கினார். நோயாளிக்குத் தொந்தரவாகும் என்று பிள்ளைகள் வாத்தியத்தைத் தொடவும் கூடாது.

எப்போதும் வாசித்துக் கொண்டே இருந்த வீடு அமைதியாயிற்று. அந்த அமைதியில்தான் எட்டு வயதுச் சிறுவன் தன் முதல் சிம்பொனியை எழுதினான். அருகில் அமர்ந்து அதைப் படியெடுத்தவள் நானெர்ல். கொம்பு வாத்தியத்துக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும், மறக்காமல் நினைவூட்டு என்று தம்பி தன்னிடம் சொன்னதை அவள் முதுமையிலும் மறக்கவில்லை.

தந்தை குணமான பின் சோஹோ பகுதியில், பெண்களுக்கு இடுப்புக்கச்சை தைப்பவர் ஒருவரின் வீட்டில் குடியேறினர். அரசியின் இசையாசிரியரான ஜோஹான் கிறிஸ்டியன் பாக் உல்ஃப்காங்கைத் தம் முன் அமர்த்தி, இருவரும் மாறி மாறி வாசித்து ஒரே பாட்டாக முடித்ததையும் நானெர்லே பின்னாளில் சொல்லியிருக்கிறாள். வேடிக்கை பார்ப்பதிலும் குறைவில்லை. அவள் எழுதிய பயணக் குறிப்புகளில் ஒரு குட்டி யானை வருகிறது. வெள்ளையும் காப்பி நிறமுமாய்க் கோடு போட்ட ஒரு கழுதையும் வருகிறது. அது வரிக்குதிரை என்பது நமக்குத் தெரியும்!

ஆனால் புதுமை தீர்ந்தால் எந்த ஊரும் திரும்பிப் பாராது. 1765-இல் கச்சேரிக்கு வருவோர் குறைந்தனர். தினமும் நண்பகலில் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கே வந்து பிள்ளைகளைச் சோதிக்கலாம் என்று தந்தை விளம்பரம் செய்தார். கடைசியில் கார்ன்ஹில் பகுதியில் ஒரு மதுவிடுதியின் அறையில், ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணத்தில் அவர்கள் வாசித்தனர். விசைகளின் மேல் கைக்குட்டையை விரித்து மூடிவிட்டு, அக்காளும் தம்பியும் ஒரே ஹார்ப்சிகார்டில் நான்கு கைகளால் வாசிப்பார்கள். அரண்மனையில் வாசித்த பதினான்கு மாதங்களுக்குப் பின் மதுவிடுதி! அந்தச் சிறுமியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அதைப் பற்றித் தந்தையின் கடிதங்களில் ஒன்றும் இல்லை. லண்டனிலேயே தங்கிவிடும் வாய்ப்பு வந்தும், சமயப்பற்றுக் குறைந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

லண்டனை விட்டபின் ஹாலந்தில் நானெர்ல் கொடிய காய்ச்சலில் விழுந்து, அவஸ்தைப் பூசுதல் பெறும் நிலைக்குப் போய்ப் பிழைத்தாள்.

1769 டிசம்பரில் தந்தை மீண்டும் பயணம் புறப்பட்டார், இம்முறை இத்தாலிக்கு. மகனை மட்டுமே அழைத்துச் சென்றார். பதினெட்டு வயது மகள் தாயுடன் வீட்டில் விடப்பட்டாள். கல்யாண வயது வந்த பெண்ணைக் காட்டிப் பணம் சேர்க்க முடியாது என்பது அக்கால வழக்கம். வழக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் கோபம் வருகிறது. அவள் இசை இயற்றவும் செய்தாள். ஒரு பாட்டைத் தம்பியே இத்தாலியிலிருந்து மெச்சி எழுதியிருக்கிறான். அவள் இயற்றியவற்றில் ஒன்றுகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

பின்பு பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். 1784-இல் ஐந்து குழந்தைகளின் தந்தையான ஒருவரை மணந்து செயிண்ட் கில்கன் சென்றார். தம்பி 1791-இல் மறைந்தார். கணவரும் 1801-இல் இறந்தபின் சால்ஸ்பர்க் திரும்பி மீண்டும் ஆசிரியையானார். முதுமையில் கண்பார்வை போயிற்று.

1829 ஜூலையில், லண்டன் இசைவாணர்கள் அவர் வறுமையில் வாடுகிறார் என்று கேள்விப்பட்டுப் பணம் திரட்டினர். வின்சென்ட் நொவெல்லோவும் அவர் மனைவி மேரியும் அதைச் சுமந்து கொண்டு சால்ஸ்பர்க் வந்தனர். உண்மையில் அவர் வறுமையில் இல்லை. ஆனாலும் லண்டனிலிருந்து வந்தவர்கள் என்றதும் மகிழ்ந்தார். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் லண்டன் அவரைத் தேடி வந்திருந்தது! அவர் படுக்கையை விட்டு எழ இயலாத நிலையில் இருந்தார். பேசவும் குரல் எழும்பவில்லை. தம்பியுடன் சேர்ந்து வாசித்த வாத்தியம் அவ்வீட்டில் இன்னும் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29-இல் நானெர்ல் காலமானார்.